பார்வை குறைந்தவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதில் பலன் உண்டா?

நிச்சயம் உண்டு. எனக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுது. நேராகப் பார்ப்பது மங்கலாக இருக்கும், ஓரப் பார்வைதான் துணை. சிலையின் முகம் தெரிய வேண்டுமென்றால் அதன் தோளைப் பார்க்க வேண்டும். அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன்.

பெரிய இடைஞ்சல் வெளிச்சக் குறைவு. பழைய துணிகளும் காகித ஓவியங்களும் உள்ள அறைகளில் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாகத்தான் விளக்கு வைப்பார்கள். எண்ணெய் ஓவியங்களுக்கு 200 வரை போகும். வெளிச்சம் பட்டு வெளுத்த நிறம் திரும்ப வராது என்பதால் இதில் எனக்கு வருத்தமில்லை. விளக்க அட்டைதான் வருத்தம். அதற்கு வெளுக்கும் பயமே இல்லை, ஆனாலும் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், கண்ணாடிக்குள் ஆழமாக, இடுப்புக்குக் கீழே கிடக்கும். பெரிய கறுப்பு எழுத்தில், முகத்தைக் கிட்டே கொண்டுபோகும் இடத்தில் வைத்தால் எங்களில் பலர் யாரையும் கேட்காமல் படித்துவிடுவோம். கட்டாயம் மாற வேண்டிய விஷயம் இது.

அதுவரை கைபேசிதான் கைகொடுக்கிறது. படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, அட்டையையும் பொருளையும் தனித்தனியாகப் படமெடுத்துப் பெரிதாக்குவேன். நகமளவு வெள்ளி நாணயம் ஒன்றை இப்படிப் பார்த்தபோது அரசனின் காதுக் குண்டலமும், அதற்குப் பின்னால் சுருண்ட முடியும் தெரிந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றேன். அப்புறம், கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்து உள்ளே இருப்பதை மறைக்கும். கிட்டே குனிவதற்கு முன் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கும் பதற்றம் இருக்காது.

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரே அறை போதும். கூட வருபவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அழகா இருக்கு" என்றுதான் பதில் வரும். எவ்வளவு உயரம், கை எங்கே இருக்கிறது, எந்த இடம் உடைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

தொட்டுப் பார்க்கும் ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். இத்தாலியின் அன்கோனாவில் உள்ள ஓமெரோ அருங்காட்சியகம் 1993-இல் இதற்கென்றே உருவானது. ஸ்பெயினின் மாட்ரிட்டில் உள்ள பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து தொடக் கொடுத்தது. வாய்ப்பு கிடைத்தால் இரண்டு கைகளாலும் தொடுங்கள். ஒரு கை ஓரிடத்தில் அடையாளமாக நிற்கட்டும், மற்றது நகரட்டும். அப்போதுதான் எது எங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.