டான்யூப் ஆற்றில் இருவர்: கப்பல் மாலைகள், புடாபெஸ்டில் ஒரு நாள் – கேள்வி பதில்

ஆற்றுக் கப்பல் பயணம் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி, கணவன் மனைவியாகக் கிளம்புகிறவர்கள் அனுப்பியவை. ஜெர்மனியின் பாசாவில் ஏறி, வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாகப் புடாபெஸ்டில் இறங்குகிற ஒரு வாரப் பாதையைப் பற்றித்தான் அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். ஆற்று வழியில் சுமார் 580 கிலோமீட்டர். பதில்களும் அந்தப் பாதையை ஒட்டியே.

கடல் க்ரூஸில் போயிருக்கிறோம். அங்கே நடுராத்திரி வரை ஷோ, கசினோ என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆற்றுக் கப்பலில் மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது? போரடிக்காதா?

கசினோவும் மேடை நிகழ்ச்சியும் இருந்தால்தான் மாலை நிறையும் என்றால் இந்தப் பயணம் உங்களுக்கு ஒத்துவராது. பணம் கட்டுவதற்கு முன்பே இதை இருவரும் பேசிக்கொள்ளுங்கள். ரைன் பக்கமிருந்து டான்யூபுக்கு வரும் கால்வாயில் கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், லாக் எனப்படும் மதகுத் தொட்டிகளின் அகலமே 12 மீட்டர்தான். அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் பெரும்பாலான கப்பல்களை 11.4 மீட்டர் அகலத்தில் கட்டுகிறார்கள். நீளம் 110 அல்லது 135 மீட்டர். அதில் அரங்கு கட்ட இடமில்லை. பயணிகளும் இருநூறு பேருக்குள்தான்.

மாலை பொதுவாக இப்படிப் போகும். சாப்பாட்டுக்கு முன் லவுஞ்சில் எல்லோரும் கூடுவார்கள்; மறுநாள் எங்கே நிற்கிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று நிகழ்ச்சி மேலாளர் சொல்வார். முதல் ஓரிரு நாட்களில் கேப்டனின் வரவேற்பு இருக்கும். அப்புறம் நிதானமான இரவு உணவு. பிறகு லவுஞ்சில் ஒருவர் கீபோர்டு வாசிப்பார், சிலர் ஆடுவார்கள். ஒன்றிரண்டு ஊர்களில் உள்ளூர்ப் பாட்டுக்காரர்கள் கப்பலுக்கே வந்து பாடிவிட்டுப் போவார்கள். பதினொரு மணிக்கெல்லாம் கப்பல் அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால், மாலையின் நல்ல பகுதி லவுஞ்சுக்கு வெளியே இருக்கிறது. ஜூனில் வியன்னா பக்கம் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போனால் கரைகள் இன்னும் வெளிச்சத்தில் இருக்கும். கரையில் கிலோமீட்டர் பலகைகள் வரும். டான்யூபில் தூரத்தைக் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள்; அதனால் நீங்கள் போகப் போக எண் குறையும். பாசாவில் 2226, வியன்னாவில் 1929, புடாபெஸ்டில் 1647.

லாக் ஒன்றையாவது வெளியே நின்று பாருங்கள். பாசாவிலிருந்து புடாபெஸ்ட் வரை 11 இருக்கின்றன. கப்பல் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். பணியாளர் ஒருவர் சுவரிலுள்ள கட்டையில் கயிற்றை மாட்டுவார். தண்ணீர் இறங்கும்போது அந்தக் கட்டையும் கப்பலோடு கீழே இறங்கும். பாசி படிந்த ஈரக் கான்கிரீட் கைக்கெட்டும் தூரத்தில் மெதுவாக மேலே ஏறுவதுபோல் தெரியும். சத்தமே இருக்காது. அப்புறம் முன்கதவு திறந்து, தாழ்ந்த மட்டத்தில் ஆறு மறுபடி விரியும். பிராட்டிஸ்லாவாவுக்குக் கீழே உள்ள கப்சிக்கோவோ லாக்தான் இவற்றில் ஆழமானவற்றில் ஒன்று. இரவில் கடக்கிறதென்றால் நேரத்தை வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாலங்கள் தாழ்வாக இருக்கும் இடங்களில் மட்டும் மேல்தளத்தை மூடிவிடுவார்கள்.

இன்னொன்று. உணவு மேசைகள் பெரும்பாலும் ஆறு, எட்டு பேர் அமர்பவை. பேசிப் பழகப் பிடிக்கும் என்றால் அது பெரிய வரம். ஆனால் ஏழு இரவும் புதியவர்களோடு பேசிக்கொண்டே சாப்பிட எல்லோராலும் முடியாது. இருவர் மேசைகள் சில உண்டு. உணவக மேலாளரிடம் முதல் நாளே சொல்லி, இரண்டு இரவாவது உங்கள் இருவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தள அறை விலை குறைவு. எடுக்கலாமா?

தூங்கவும் குளிக்கவும் மட்டும்தான் அறை என்றால் தாராளமாக எடுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சின்னதாக இருக்கும், திறக்க வராது. மேலே போகப் போகத் தரை வரை கண்ணாடிக் கதவு, வெளிப்பக்கம் ஒரு கம்பித் தடுப்பு. விலை வித்தியாசம் அதற்குத்தான். ஆனால் பணம் கொடுத்து வாங்கும் அந்தக் காட்சி எல்லா நேரமும் கிடைக்காது. துறைகளில் இடம் குறைவென்பதால் இரண்டு மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். அப்போது உங்கள் கண்ணாடிக்கு நேர் எதிரே இன்னொரு கப்பலின் அறை இருக்கும். திரையை இழுத்துவிட வேண்டியதுதான். தளத்தைவிட முக்கியம், கப்பலின் கடைக்கோடியில் எஞ்சினுக்குப் பக்கத்து அறையைத் தவிர்ப்பது. லேசாகத் தூங்குகிறவருக்கு நடுப்பகுதிதான் சரி.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பல் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2018-லும் 2022-லும் தண்ணீர் குறைந்து பல பயணங்கள் பாதியில் மாறின. அதற்கு நேர்மாறாக 2024 செப்டம்பரில் வெள்ளம் வந்து கப்பல்கள் வியன்னா பக்கம் நின்றுபோயின. வெள்ளத்தில் ஏன் நிற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நீர்மட்டம் ஏறினால் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது, துறைகளும் மூழ்கிவிடும். பாசாவ் நகர மன்றச் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் அங்கே ஆறு 12.89 மீட்டர் வரை ஏறியது. அந்தக் கோட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், இந்த ஆறு எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

அணைகள் உள்ள பகுதியில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். ஜெர்மனியில் ஷ்ட்ராவ்பிங் – வில்ஸ்ஹோஃபன், ஆஸ்திரியாவில் வாக்காவ், வியன்னாவுக்குக் கிழக்கே என்று அணையில்லாமல் ஓடும் இடங்களில்தான் சிக்கல். பாசாவில் ஏறுகிறவர்களுக்கு முதல் பகுதி பாதையிலேயே வராது. அந்த வகையில் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் தண்ணீர் குறையும். பனி உருகி மழையும் சேரும் வசந்தத்தில் ஏறும். மே, ஜூனை நான் விரும்புவது பகல் நீளத்துக்காக, தண்ணீருக்கு உத்தரவாதம் என்பதற்காக அல்ல.

கப்பல் போக முடியாவிட்டால் நிறுவனங்கள் பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தங்களுடைய இன்னொரு கப்பலில் சேர்ப்பதுண்டு. பாதையை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, நீர்மட்டத்தால் பாதை மாறினால் ஏதாவது கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வியன்னாவில் என் கணவருக்கு இசைக் கச்சேரி போக ஆசை. எனக்கு ஓய்வெடுத்தால் போதும். பிரிந்து போனால் நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும், போகட்டும். இருவரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஜோடிகள்தான் நான்காம் நாள் களைத்து, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். கப்பல் ஒரே இடத்தில் நிற்கிறது, சாவி இருவரிடமும் இருக்கிறது, திரும்பி வர வேண்டிய இடமும் ஒன்றே. பிரிந்து சுற்ற இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடைக்காது.

கப்பலில் ஏற்பாடு செய்யும் கச்சேரிகளில் மோசார்ட், ஷ்ட்ராவ்ஸ் பாடல்களில் எல்லோருக்கும் தெரிந்தவற்றை வாசிப்பார்கள். முதல் முறை போகிறவருக்கு அது போதும். இசையில் ஆழமான ஈடுபாடு உள்ளவர் என்றால் அரசு ஓபராவில் அன்று என்ன நடக்கிறது என்று மாதங்களுக்கு முன்பே பார்த்து டிக்கெட் எடுக்கட்டும். கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ரைக்ஸ்ப்ரூக்க பாலத்துக்குப் பக்கத்தில் ஃபோர்கார்டன்ஷ்ட்ராசே மெட்ரோ நிலையம் இருக்கிறது. யு1 வண்டியில் நான்காவது நிறுத்தம் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரின் நடு மையம். ஆனால் கப்பல் இரவில் கிளம்பும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வராதவருக்காகக் கப்பல் நிற்காது.

புடாபெஸ்டில் ஒரு பகலும் ஓர் இரவும் கிடைக்கிறது. கட்டணத்திலேயே பஸ் சுற்றுலா சேர்ந்திருக்கிறது. அதில் போவதா, நாங்களே சுற்றுவதா?

இரண்டையும் பாதிப் பாதி செய்யுங்கள். காலை பஸ்ஸில் போங்கள், மதியத்துக்கு மேல் தனியாக.

காரணம் ஊரின் அமைப்பு. வலது கரையில் மலைமேல் புடா, இடது கரையில் சமவெளியாகப் பெஸ்ட். 1873-ல்தான் இவையும் ஓபுடாவும் ஒரே நகரமாயின. புடா கோட்டை மலைக்கு ஏறும் சிரமத்தைப் பஸ் எடுத்துக்கொள்ளும். வழிகாட்டி காதுக்கருவியில் வரலாறு சொல்லிக்கொண்டே வருவார். மலைமேல் மீனவர் கொத்தளத்தில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் நாடாளுமன்றம் முழுதாகத் தெரியும். சுற்றுலா முடிந்ததும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிடலாம். 16-ம் எண் பஸ் கீழே கொண்டுவந்து விடும்.

பிற்பகலுக்கு 2-ம் எண் டிராமைச் சொல்வேன். பெரிய சந்தைக் கட்டடம் இருக்கும் ஃபோவாம் சதுக்கத்தில் ஏறி நாடாளுமன்றம் வரை போங்கள். ஆற்றை ஒட்டியே ஓடும் டிராம் அது. இறங்கிக் கரையோரமாகத் தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள் கரை விளிம்பில் கிடக்கும். 1944-45-ல் யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஆற்று விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். அந்த நினைவாக 2005-ல் வைத்தது. பெண்களின் குதிகால் செருப்பும் இருக்கிறது, குழந்தையின் சின்ன ஷூவும் இருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகக் கடந்துபோகும் இடம் அல்ல அது. கீழே இறங்கி, பேசாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் தெற்கே சங்கிலிப் பாலம். 1849-ல் திறந்தது, 1945-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது, 1949-ல் திரும்பக் கட்டியது. நேரம் மிச்சமிருந்தால் வோரோஷ்மார்த்தி சதுக்கத்தில் எம்1 மெட்ரோ ஏறி செச்செனி வெந்நீர்க் குளத்துக்குப் போகலாம். 1896-ல் ஓடத் தொடங்கிய அந்த மெட்ரோவே பார்க்க வேண்டிய ஒன்று. மஞ்சள் பெட்டிகள், தெருவுக்குச் சற்றே கீழே சின்னச் சின்ன நிலையங்கள். நீச்சலுடையும் ரப்பர் செருப்பும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெந்நீரில் நெடுநேரம் இருக்க வேண்டாம். நாடாளுமன்றத்தின் உள்ளே போக வேண்டுமென்றால் டிக்கெட்டை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

இரவில் விளக்குகளுக்கு நடுவே கப்பல் ஒரு சுற்று வரும். ஆற்றோட்டத்தோடு போகும்போது நாடாளுமன்றம் இடப்பக்கம், கோட்டை வலப்பக்கம். அன்று அறையில் இருக்காதீர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சீக்கிரமே மேல்தளத்துக்குப் போய் இடம் பிடியுங்கள்.

மனைவிக்கு மூட்டு வலி. சமாளிப்பாரா?

கப்பலுக்குள் சிரமமில்லை, ஆடாது, குமட்டாது, தூரமும் கிடையாது. லிஃப்ட் பல கப்பல்களில் மேல்தளம் வரை போகாது, சிலவற்றில் கீழ்த்தளத்துக்கும் வராது. கேட்டுக்கொண்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். சிரமம் கரையில்தான். பழைய ஊர்களெல்லாம் உருளைக்கல் தெருக்கள். நான் முன்பு சொன்னபடி கப்பல்களைச் சேர்த்துக் கட்டினால், பக்கத்துக் கப்பல் வழியாக ஏறி இறங்கித்தான் கரைக்குப் போக முடியும். மெதுவாக நடப்போருக்கென்று தனிக் குழு பல நிறுவனங்களில் உண்டு, முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வாக்காவில் உள்ள டூர்ன்ஷ்டைன் ஊரில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரைச் சிறைவைத்த இடிந்த கோட்டைக்கு ஏறுவது செங்குத்து, அதை விட்டுவிடலாம். ஆற்றிலிருந்தே அது நன்றாகத் தெரியும். மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரையான வாக்காவ் பள்ளத்தாக்கு முழுவதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பயணத்திலேயே அழகான பகல் அதுதான்.

நாங்கள் சுத்த சைவம்.

முன்பதிவிலேயே எழுதுங்கள், ஏறியதும் தலைமைச் சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சூப்பில் இறைச்சிச் சாறு, இனிப்பில் ஜெலட்டின், தட்டில் மீன் எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். முட்டை பற்றியும் சொல்லிவிடுங்கள்.

புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேட் வரை போகும் பாதை எடுத்தால் விசா?

பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை நான்கு நாடுகளும் ஷெங்கன் பகுதிதான், ஒரே விசா. அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே போய்விட்டு மறுபடி உள்ளே வர வேண்டுமென்றால் பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பலின் நாள்வாரிப் பட்டியலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

எந்தப் பணம் கொண்டுபோவது?

யூரோ போதும், ஹங்கேரியில் மட்டும் ஃபோரின்ட். சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் ஃபோரின்ட் எடுத்தால் போதும், மற்றதுக்கு அட்டை. அட்டை இயந்திரம் "யூரோவா, ஃபோரின்டா" என்று கேட்டால் ஃபோரின்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். பணியாளர்களுக்கான டிப்ஸ் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சேரவில்லையென்றால் கடைசி நாள் உறையில் போட்டு வரவேற்பு மேசையில் கொடுக்கலாம்.