மூடுபனிக்கு மேல் நிற்பவரின் பாறையைத் தேடி

கேள்வி: மகன் ஜெர்மனியில், டிரெஸ்டனில் மேற்படிப்பு படிக்கிறான். அக்டோபர் கடைசியில் பத்து நாள் அவனோடு தங்கப் போகிறேன். மூடுபனிக்கு மேல் பாறையில் முதுகைக் காட்டி நிற்கும் மனிதரை ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் வரைந்த படம் கல்லூரிக் காலத்திலிருந்து என் மேசை மேல் இருக்கிறது. அந்த மனிதர் நின்ற இடத்தில் நானும் ஒரு முறை நிற்க வேண்டும். அது எங்கே? ஃபிரீட்ரிஷ் வரைந்த மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? வயது 58. முழங்கால் வலி உண்டு.
- ஒரு வாசகி, கோவை

பதில்: அம்மா, நல்ல சேதி முதலில். அந்தப் பாறை இருக்கிறது, உங்கள் மகன் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், ஏறுவதும் கடினமில்லை. ஆனால் அங்கே நின்றால் படத்தில் இருக்கும் காட்சி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு போகாதவர்கள் "இதுதானா?" என்று சோர்ந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரீட்ரிஷ் வெளியில் போய்ப் பென்சிலால் வரைவார். ஒரு பாறை, ஒரு மரம், ஒரு மலையின் விளிம்பு என்று தனித்தனியாக, அவ்வளவு துல்லியமாக. பல தாள்களில் தேதியும் போட்டு வைப்பார். வண்ணம் தீட்டுவது மட்டும் டிரெஸ்டன் வீட்டு அறையில்தான். அவருடைய நண்பர் கெர்ஸ்டிங் 1811-ல் அந்த அறையை வரைந்திருக்கிறார். வெற்றுச் சுவர்கள், படத்தை நிறுத்தி வைத்து வரையும் ஒரு தாங்கி, சன்னலின் கீழ்ப்பாதி பலகையால் மூடியிருக்கும். உலகமே வியக்கும் நிலக்காட்சிகளை, வெளியே பார்க்க முடியாத அறையில் உட்கார்ந்து, பழைய தாள்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தார் அந்த மனிதர். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒரே ஓர் இடத்தை அல்ல, அந்தத் துண்டுகளை.

உங்கள் படத்தின் பாறை கைசர்குரோனே என்ற மணற்கல் குன்றின் உச்சியில் இருப்பது. 1813-ல் நெப்போலியன் போர் டிரெஸ்டனைச் சூழ்ந்தபோது ஃபிரீட்ரிஷ் நகரத்தை விட்டு, எல்பே ஆற்றங்கரையில் கிரிப்பன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சில மாதம் இருந்தார். அந்த நாட்களில், ஜூன் 3 அன்று, இந்தப் பாறையை வரைந்தார். படமாக்கியது 1817, 1818 வாக்கில். படத்தில் வலது பக்கம் தூண் போல நிற்கும் குன்று சிர்க்கெல்ஷ்டைன். அது கைசர்குரோனேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மனிதருக்கு எதிரே பனிக்குள்ளிருந்து எழும் பாறைக் கூட்டமோ காம்ரிக். அது ராட்டன் ஊர்ப் பக்கம், பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால். இவற்றை ஒரே பார்வைக்குள் கொண்டுவந்தது அவருடைய மனம்தான்.

சரி, எப்படிப் போவது? டிரெஸ்டன் தலைமை ரயில் நிலையத்திலிருந்து எஸ்-1 புறநகர் ரயில் எல்பேயை ஒட்டியே ஓடி ஷோனாவில் முடிகிறது. போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். கடைசி நிலையம் ஷோனா என்பதால் பலரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள். நிலையம் ஆற்றங்கரையில், கிராமம் மேலே மேட்டில். நடுவில் இருக்கும் ஏற்றம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது. அதற்கு முன்பே வரும் பாட் ஷாண்டாவில் இறங்கி, மேலே உள்ள ஷோனா கிராமத்துக்குப் பஸ் பிடியுங்கள். வார இறுதியில் பஸ் குறைவாக இருக்கலாம், முந்தின நாளே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்திலிருந்து நிதானமாக நடந்தால் போதும். கைசர்குரோனே 351 மீட்டர்தான். உச்சி மட்டும் உடைந்த பல் போலப் பிளந்து நிற்கும், அங்கே படிகள் வழியாக ஏற வேண்டும். மணற்கல்லில் ஈர இலை படிந்தால் வழுக்கும், எனவே அடிப்பாகம் பிடிமானமான ஷூ, ஒரு கைத்தடி. சிர்க்கெல்ஷ்டைன் மேல் ஏற வேண்டாம், அதைக் கைசர்குரோனேயிலிருந்து பார்ப்பதே அழகு.

மூடுபனி? அக்டோபர் கடைசி நல்ல காலம்தான். முந்தின இரவு வானம் தெளிந்து, காற்று அடங்கி, குளிர் இறங்கியிருந்தால் விடியலில் ஆற்றுப் பள்ளத்தில் பனி தேங்கும். வெயில் ஏறக் கரைந்துவிடும். அந்த மாதத்துக் கடைசி ஞாயிறு அன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முன் சூரிய உதயம் ஏறக்குறைய 7:45, அதற்குப் பின் 6:50. அதனால் கடிகாரம் மாறுவதற்கு முந்தைய நாட்கள் உங்களுக்கு வசதி. ஒரே நாளை முடிவு செய்து வைக்காதீர்கள். டிரெஸ்டனில் நான்கு நாள் இருங்கள், எந்த இரவு வானம் தெளிகிறதோ மறுநாள் காலை கிளம்புங்கள். முடிந்தால் முந்தின இரவு பாட் ஷாண்டாவிலேயே தங்கிவிடுவது இன்னும் மேல். நான் மூன்று முறை போய் ஒரு முறைதான் பனி பார்த்தேன். மற்ற இரண்டு முறையும் வயல்வெளிக்கு நடுவே அந்தக் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்பதைத் தெளிவாகப் பார்த்தேன். அப்போதுதான் அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது புரிந்தது.

இன்னொரு நாள் ராட்டன். ரயில் நிலையத்திலிருந்து அக்கரைக்குப் போகும் படகுக்கு இன்ஜின் கிடையாது, கம்பியில் கட்டப்பட்டு ஆற்றின் ஓட்டமே அதைத் தள்ளிக் கொண்டுபோகும். கூட்டமெல்லாம் பாஸ்டை பாலத்துக்குப் போகும். அந்தக் கல்பாலம் கட்டியது 1851-ல், ஃபிரீட்ரிஷ் இறந்து பதினொரு ஆண்டுக்குப் பிறகு. அதை விட்டுவிட்டு காம்ரிக் பக்கம் நடங்கள். உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதி செங்குத்து, கால் ஒத்துழைக்காவிட்டால் கீழிருந்து அதன் வடிவத்தைப் பார்த்தாலே போதும்.

டிரெஸ்டனுக்குள் அல்பெர்டினம் அருங்காட்சியகத்தில் 'பெரிய வேலிநிலம்' என்ற படத்தைத் தவறவிடாதீர்கள், 1832 வாக்கில் வரைந்தது. அதைப் பார்த்த அன்றே மாலை ஆஸ்ட்ராகேஹேகே பகுதிக்குப் போங்கள். படத்தில் இருப்பது அந்த ஆற்றோரப் புல்வெளிதான். இப்போது பக்கத்தில் விளையாட்டு மைதானமும் கண்காட்சி அரங்குகளும் வந்துவிட்டன. ஆனால் சூரியன் இறங்கும் நேரத்தில் எல்பே மீது மஞ்சள் படரும்போது, ஃபிரீட்ரிஷ் நிறத்தில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரியும். அவருடைய கல்லறையும் இதே ஊரில், டிரினிடாடிஸ் கல்லறைத் தோட்டத்தில்.

அப்புறம் வடக்கே. பெர்லினில் ஒரு நாள் நின்று பழைய தேசியக் கலைக்கூடத்தில் 'கடலோரத் துறவி'யையும் 'ஓக் காட்டு மடாலய'த்தையும் பாருங்கள். பிறகு ரயிலில் கிரைஃப்ஸ்வால்ட். 1774-ல் அவர் பிறந்த ஊர். அன்று அது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. தந்தை சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்தவர், அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஃபிரீட்ரிஷுக்கான நினைவகம் இருக்கிறது. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் எல்டெனா மடாலயத்தின் இடிபாடு. ஓக் காட்டுப் படத்தில் பனிக்கு நடுவே தனியாக நிற்கும் சுவரும் நெட்டை சன்னலும் இங்கிருந்து எடுத்தவை. நேரில் செக்கச்செவேல் என்று செங்கல். படத்தில் அந்தச் சிவப்பு முழுக்கப் போய்விட்டிருக்கும். அந்த ஒரு மாற்றத்துக்காகவே அங்கே அரை நாள் உட்காரலாம். வயதான துறவிகள் போல வளைந்த அந்த ஓக் மரங்களை அங்கே தேடாதீர்கள், அவை வேறு தாள்களிலிருந்து வந்தவை.

அடுத்தது பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவு. அதன் சுண்ணாம்புப் பாறைகளில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 1818-ல் மணமான புதிதில் மனைவி கரோலினுடன் அங்கே போனார், அந்த நினைவில் வரைந்ததுதான் வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே கடல் தெரியும் படம். விஸ்ஸோவர் கிளிங்கன் என்ற பாறைகளே படத்தில் இருப்பவை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் அவர் காலத்தில் அவை அந்த வடிவத்தில் இருக்கவில்லை. 2005 பிப்ரவரியில் அவற்றின் பெரும்பகுதி சரிந்து கடலில் விழுந்தும் விட்டது. சுண்ணாம்புப் பாறை மழையிலும் உறைபனியிலும் இளகி விழுந்துகொண்டே இருக்கும், எனவே பாறை அடியில் கடற்கரையோரம் நடக்காதீர்கள். தீவிலுள்ள சாஸ்நிட்ஸ் ஊரிலிருந்து மேட்டோரப் பாதை எட்டுக் கிலோமீட்டருக்கு மேல், ஏற்ற இறக்கம் நிறைய. உங்களுக்கு வேண்டாம். கோனிக்ஷ்டூல் என்ற பெரிய பாறை முனை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் விக்டோரியாசிஷ்ட் என்ற பார்வை முனைக்கு நடங்கள். கோனிக்ஷ்டூலில் 2023-ல் திறந்த பெரிய நடைமேடைக்கு டிக்கெட் உண்டு, காட்சியும் விரிந்தது. என்றாலும் என் ஓட்டு சின்ன முனைக்குத்தான். பீச் மரக் கிளைகளுக்கு இடையே வெள்ளைப் பாறையும் கடலும் தெரியும் விதம் அவருடைய படத்துக்கு மிக அருகில் வரும். அக்டோபர் கடைசியில் இலைகள் செம்பு நிறமாகியிருக்கும். கடிகாரம் மாறிய பிறகு மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும், மதியமே போய்விடுங்கள். படம் மட்டும் சுவிட்சர்லாந்தில், வின்டர்தூரில் இருக்கிறது. அதற்காக இந்தப் பயணத்தை நீட்ட வேண்டாம்.

உங்கள் மேசைப் படத்தின் அசல் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடைசி நாளை அதற்கு வையுங்கள். வடக்கிலிருந்தே ரயிலேறி நேராக அங்கே போகலாம். முதலில் பார்க்கலாமே என்று தோன்றும், பொறுங்கள். பாறையில் நின்ற பிறகு பார்ப்பது வேறு. ஒன்று, நான் சொன்ன மூன்று அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டு, அவருடைய படங்கள் அடிக்கடி வேறு ஊர்க் கண்காட்சிகளுக்குப் போய்விடும். டிக்கெட் எடுக்குமுன் படம் அந்த வாரம் சுவரில் இருக்கிறதா என்று மகனை மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். படம் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை, 95-க்கு 75 சென்டிமீட்டர். அருகில் போய், படத்தில் நிற்பவரின் பூட்ஸுக்குக் கீழே இருக்கும் கருத்த பாறையைப் பாருங்கள்.