மகள் கையில் அப்பாவின் கையெழுத்து

கேள்வி: எனக்கு 51 வயது. விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். கணவர் 2021இல் கொரோனாவில் இறந்துவிட்டார். மகளுக்கு 25 வயது, கோவையில் ஐ.டி. வேலை. போன மாதம் லீவுக்கு வந்தவள், இடது கையில் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே அவள் அப்பாவின் கையெழுத்தை அப்படியே டாட்டூ குத்திக்கொண்டு வந்து நின்றாள். பார்த்ததும் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எந்த மாதிரிப் பொண்ணுங்க குத்திக்குவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மகளோடு சரியாகப் பேசவில்லை. என் அம்மா கையிலும் பச்சை உண்டு. ஆனால் அது வேறு, இது வேறு இல்லையா? கல்யாணத்துக்கு முன்னால் லேசர் வைத்து எடுத்துவிடலாமா? அக்காவைப் பார்த்து, ராணுவத்துக்கும் சி.ஆர்.பி.எஃப். தேர்வுக்கும் தயாராகிற என் பையனும் (வயது 19) குத்திக்கொள்ள வேண்டும் என்கிறான். ஒன்றும் புரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் லேசர் விஷயத்தைப் பேசிவிடுவோம். அவசரப்பட்டு எங்காவது பணம் கட்டிவிடாதீர்கள். அது உங்கள் மகளின் கை. 25 வயதுப் பெண் தன் உடம்பில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். எடுக்க வேண்டும் என்று அவளே கேட்டால் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அந்தப் பேச்சே வேண்டாம்.

எடுப்பதும் நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரே நாள் வேலை இல்லை. நம் மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். ஊசி அதைத் தாண்டி, கீழே உள்ள அடுக்கில் மையை வைத்துவிடுகிறது. உடம்பைக் காவல் காக்கிற செல்கள் அதை வெளியார் பொருள் என்று விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே இருக்கும். ஒரு செல் செத்து மையை வெளியே விட்டால், அதன் இடத்துக்கு வருகிற புதுச் செல் மறுபடி விழுங்கிக்கொள்ளும். பிரான்சில் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். பச்சை ஆயுசுக்கும் நிற்பது இப்படித்தான். லேசர் அந்த மையைத் தூளாக்கும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். அதற்குச் சில வார இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். கறுப்பு மை ஓரளவு சுலபமாகப் போகும். ஆனால் நம்முடையது போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் சூட்டுப் புண்ணும், வெளுத்த திட்டும், தடித்த தழும்பும் வர வாய்ப்பு அதிகம். முகூர்த்தத் தேதியை மனதில் வைத்து அவசர அவசரமாக எடுத்தால், கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு நிற்கலாம். அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு பதில் தேட வேண்டும்.

சரி, இப்போது "அது வேறு, இது வேறு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

எப்படி வேறு? உங்கள் அம்மா காலத்தில் தெற்கத்திக் கிராமங்களில் பச்சை குத்த வந்தவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். ஊசியும் விளக்குக் கரியில் செய்த மையுமாகத் தெருவுக்கு வருவார்கள். கோலம், புள்ளி, தேள், பெயர் என்று கேட்டதைக் குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள். குத்தி முடித்து மஞ்சள் பூசிவிட்டு, அரிசியோ பழந்துணியோ காசோ வாங்கிக்கொண்டு போவார்கள். கையை நீட்டியது பல வீடுகளில் சின்னப் பெண் பிள்ளைகள். அழுகிற பிள்ளையை அம்மாவோ அத்தையோ பிடித்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

உங்கள் மகளோ தானே யோசித்து, தன் சம்பளத்தில், தனக்குப் பிடித்ததைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம் இதுதான். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டாள் என்பதுதான் உங்களை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஒரு போன் போட்டு, "அம்மா, இப்படிச் செய்யப்போகிறேன்" என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இதை அவளிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் செய்ததற்கான கோபத்தை டாட்டூ மேல் காட்டாதீர்கள்.

உங்கள் நாத்தனார் சொன்னது வேறு ரகம். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நேற்று வந்த வார்த்தை இல்லை.

பச்சை குத்தும் பெண்ணை இந்தச் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது? 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் குறவர்களின் பல பிரிவுகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டது வெள்ளை அரசு. சுதந்திரம் வரும் காலத்தில்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. ஊருக்குள் வந்து கை பிடித்துக் கோலம் குத்திய பெண்ணுக்கு இதுதான் நிலைமை. குத்திக்கொண்டவர்களிலும் காட்டு வேலை, களை எடுப்பு என்று உழைத்த குடும்பத்துப் பெண்கள்தான் அதிகம். அப்புறம் பள்ளிக்கூடமும் ஆபீஸ் வேலையும் வந்தன. படித்த வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குப் பச்சை குத்துவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே குத்தியிருந்தவர்களில் சிலர் அது பட்டிக்காட்டு அடையாளம் என்று வெட்கப்பட்டுக் கையை மறைத்தார்கள். "எந்த மாதிரிப் பொண்ணுங்க" என்ற கேள்விக்குள் இருப்பது இந்த இளக்காரம். ஏழை, கிராமத்தாள், கீழ்ச்சாதிக்காரி என்று வெளியே சொல்ல முடியாததை, நடத்தையைப் பற்றிய பேச்சாக மாற்றிச் சொல்கிறார்கள். சகோதரி, அந்த வார்த்தை உங்கள் மகளோடு நிற்கவில்லை. உங்கள் அம்மாவின் கையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் சும்மா இருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரசாங்கமே உடம்பில் முத்திரை குத்திய காலமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சையாகக் குத்தினார்கள். 1849இல்தான் அதை நிறுத்தினார்கள். பச்சை என்றாலே ரவுடி, ஜெயில் என்று சிலருக்குத் தோன்றுவதற்கு இப்படிப் பல பழைய காரணங்கள் சேர்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1970களில் அ.தி.மு.க. தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். சொன்னார். கட்சிக்குள்ளேயே சில தலைவர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் ஏராளமான ஆண்கள் குத்திக்கொண்டார்கள். இன்றைக்கும் நம் ஊர்களில் அந்தக் கையோடு பெரியவர்களைப் பார்க்கலாம். அவர்களை யாராவது "எந்த மாதிரி ஆம்பளை" என்று கேட்டார்களா? விசுவாசமான தொண்டர் என்றார்கள். தலைவர் மேல் உள்ள பற்றைக் கையில் எழுதிக்கொண்ட ஆணுக்குப் பெருமை, அப்பா மேல் உள்ள பாசத்தை எழுதிக்கொண்ட பெண்ணுக்கு அவச்சொல். இதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மனிதர்கள் ஏன் குத்திக்கொள்கிறார்கள் என்றால் ஒரே பதில் கிடையாது. ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் 1991இல் கண்டெடுத்த 5,000 வருஷத்துக்கு மேல் பழைய ஓட்ஸி மனிதனின் உடம்பில் 61 பச்சைக் கோடுகள் இருந்தன. தேய்ந்த மூட்டுகளுக்கும் முதுகுக்கும் பக்கத்தில் பல கோடுகள் இருப்பதால் வலி போகக் குத்தியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்துப் பைகா, கோண்டு பழங்குடிப் பெண்கள் நகையெல்லாம் இங்கேயே நின்றுவிடும், செத்த பிறகும் கூட வருவது பச்சை மட்டும்தான் என்று நம்புகிறார்கள். அழகுக்காகக் குத்துபவர்கள் உண்டு, தீக்காயத் தழும்பை மறைக்கக் குத்துபவர்கள் உண்டு, நண்பர்கள் குத்தினார்கள் என்று குத்திவிட்டு அப்புறம் வருந்துபவர்களும் உண்டு. காதலிக்கிற வேகத்தில் பெயரைக் குத்திக்கொள்ள வேண்டாம் என்றுதான் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வேன். உறவு மாறலாம், எழுத்து மாறாது.

உங்கள் மகள் குத்தியிருப்பது அந்த வகை இல்லை. 2021ஐ நினைத்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில் கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எப்படி நடந்திருந்தாலும் அப்போது அவளுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். அந்தத் துக்கத்தை அவள் எங்கே வைத்தாள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ஒருவேளை உங்களை அழவைக்கக் கூடாது என்று உங்கள் முன்னால் அழாமலே இருந்திருப்பாள். படம் வரையச் சொல்லாமல், சாமி உருவம் கேட்காமல், அப்பாவின் கை போட்ட எழுத்தையே எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறாள்.

அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். மகளுக்குப் போன் பண்ணி, "எந்தக் காகிதத்திலிருந்து அப்பாவோட கையெழுத்தை எடுத்தே?" என்று மட்டும் கேளுங்கள். ரேங்க் கார்டா, பேங்க் பாஸ்புத்தகமா, பழைய செக்கா, எதுவாக இருந்தாலும் அவள் சொல்லட்டும். குறுக்கே பேசாதீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும்.

பேச்சு சுமுகமான பிறகு, எங்கே குத்தினாள், புது ஊசிப் பாக்கெட்டைக் கண் முன்னால் பிரித்தார்களா, மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றினார்களா என்று விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்த இடம் தடித்தாலோ விடாமல் அரித்தாலோ டாக்டரிடம் காட்டட்டும். ரத்த தானம் செய்கிற பழக்கம் இருந்தால், குத்திய நாளிலிருந்து 12 மாதம் கொடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

வரன் விஷயத்தில் உங்களுக்குப் பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். சில வீடுகள் இதற்காகவே வேண்டாம் என்று சொல்லக்கூடும். முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்துப் பெண் காட்டாதீர்கள். பேச்சு ஆரம்பிக்கும்போதே, "பெண்ணின் கையில் அவள் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் வாயால், குரல் தாழ்த்தாமல். தரகர் வாயாலோ உறவுக்காரர் வாயாலோ போனால் அது வேறு கதையாகப் போகும். தகப்பன் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டில் உங்கள் பெண் என்ன நிம்மதியாக இருந்துவிட முடியும்? நாத்தனாரிடமும் ஒரு தடவை பேசுங்கள். சண்டை போட வேண்டாம். "அது உங்கள் தம்பியோ அண்ணனோ போட்ட கையெழுத்து" என்று சொன்னால் போதும். அவருக்கும் கூடப் பிறந்தவரை இழந்த துக்கம் இருக்கும்.

பையன் கதை வேறு. இங்கே நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம், ஏனென்றால் வேலையே போய்விடும். ராணுவத்தில் நிரந்தர டாட்டூ முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை கையின் உட்புறத்திலும், புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. தங்கள் மரபுப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு விதிவிலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியப் படைகளில் இன்னும் இறுக்கம்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவான அளவு. பெயரோ மத அடையாளமோ இருக்கலாம். தோள், கழுத்து, மார்பு என்று ஆசைப்பட்டுக் குத்தினால், ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் மருத்துவப் பரிசோதனையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை அவன் ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். திருவிழாக் கடையில் ஒரே ஊசியை மாற்றாமல் வரிசையாகக் குத்துகிறவர்களிடம் கையை நீட்டவே கூடாது. நீங்கள் சொன்னால் "அக்காவுக்கு மட்டும் சரியா?" என்று எதிர்த்துக் கேட்பான். அதனால் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் முடிகிற வரை பொறு என்று அவனிடம் சொல்கிற வேலையை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள்.