ஏழாவது கம்பியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏழு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் பற்றியவை. ஆசை பெரிது, கையில் காசு குறைவு என்பதுதான் எல்லாவற்றிலும் பல்லவி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ஆறு கம்பி கிட்டார் சில வருடமாக வாசிக்கிறேன் சார். மெட்டல்தான் உயிர். ஏழு கம்பிக்கு மாற காசு சேர்த்திருக்கிறேன், கொஞ்சம்தான். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று 25.5 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி ஆடும் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி), முகப்பில் புலிவரி மேப்பிள். இன்னொன்று 26.5 இஞ்ச், ஆடாத பிரிட்ஜ், வெறும் கறுப்பு. எனக்கு முதலாவதில்தான் மனசு நிற்கிறது. வாங்கலாமா?

பதில்: கறுப்பை வாங்குங்கள் தம்பி. அந்த விலையில் கிடைக்கும் புலிவரி பெரும்பாலும் மெல்லியதாக ஒட்டிய மரத் தோல், சில சமயம் வெறும் அச்சடித்த படம். சத்தத்துக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

நீங்கள் இப்போது காசு கொடுத்து வாங்கப்போவது ஒரே ஒரு கம்பியை. மற்ற ஆறும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. ஆகவே அந்த ஏழாவது கம்பி ஒழுங்காகப் பேசுகிறதா என்பதை வைத்துத்தான் முழுக் கிட்டாரையும் எடை போட வேண்டும். தடிமனிலிருந்து மெல்லிசு வரை பி, இ, ஏ, டி, ஜி, பி, இ என்பது வழக்கமான சுருதி. அடியிலுள்ள பி சுமார் 62 ஹெர்ட்ஸ். ஆறு கம்பியின் தாழ்ந்த இ 82. இவ்வளவு கீழே இறங்கும்போது கம்பி தளர்ந்துபோகும். கம்பி அதேதான், சுருதியும் அதேதான் என்றால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25.5 இஞ்சிலிருந்து 26.5க்குப் போனால் சுமார் 8 சதவீதம், 27க்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடுதல் விறைப்பு கிடைக்கும். கேட்பதற்குச் சின்னதாகத் தெரிந்தாலும் கையில் நன்றாகவே தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சுருதி காட்டும் ட்யூனரை மாட்டிக்கொண்டு ஏழாவது கம்பியை, பாட்டில் வாசிப்பது போலவே, ஓங்கி அடியுங்கள். முள் சட்டென்று மேலே எகிறி, பிறகு மெல்ல இறங்கி பி-யில் வந்து நிற்கும். தளர்ந்த கம்பியில் அந்த எகிறல் அதிகம். வேகமான ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடர்) முள் இறங்க நேரமே இருக்காது, எகிறிய சுருதிதான் காதில் விழும். கிட்டார் சுருதியில்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ இடறுகிறது என்று தலையைச் சொறியும் பலருக்குக் காரணம் இதுதான்.

தடித்த கம்பி போட்டால் தீராதா என்றால், ஓரளவு தீரும். 10-56 செட்டில் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொளதொளவென்று இருப்பது 10-59 அல்லது 10-62இல் இறுகும். ஆனால் கம்பி தடிக்கத் தடிக்க வளையும் தன்மை குறைந்து, மேல் சுரங்கள் மங்கி, மொத்தையாகக் கேட்க ஆரம்பிக்கும். நீளம் கொடுக்கும் தெளிவைத் தடிமன் கொடுப்பதில்லை. இதற்காக 25.5 ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். 1990இல் ஐபனீஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக வெளியிட்ட யூனிவர்ஸ் என்ற ஏழு கம்பிக் கிட்டாரும் 25.5தான். அதை வைத்தே கொர்ன் என்ற மெட்டல் குழு இன்னும் ஒரு சுரம் இறக்கி, ஏ வரை போனது. உங்களுக்கு லீட் முக்கியம், முதல் கம்பியை வளைத்து வாசிப்பதில்தான் சுகம் என்றால் குட்டை ஸ்கேல் இதமாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு ரிஃப்தான் எல்லாம்.

ஆடும் பிரிட்ஜுக்கு வருவோம். அது இரண்டு தூண்களில் கத்தி முனை போன்ற இரு விளிம்புகளை ஊன்றி நிற்கிறது. மலிவானவற்றில் உலோகம் மென்மையானது, முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அப்புறம் பிரிட்ஜின் கைப்பிடியை அசைத்து விட்டால் பழைய இடத்துக்கு வராது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. கம்பிகளின் இழுப்பும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமமாக இருக்கும் வரைதான் சுருதி நிற்கும். பி-யை ஏ-க்கு இறக்கினால் மீதி ஆறும் மேலே ஏறும். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் படியும் நட்டின் பூட்டைக் கழற்று, திருத்து, மறுபடி பூட்டு. ஆடாத பிரிட்ஜில் ஒரு சாவியைத் திருப்பினால் வேலை முடிந்தது.

கறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். ஏழாவது கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே லேசாகத் தொட்டு ஹார்மானிக் எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது ஹார்மானிக்கைவிட ஏறிக் கேட்டால், பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். இப்போது குனிந்து அந்த சேடிலைப் பாருங்கள், பின்னால் நகர இடம் இருக்கிறதா? மலிவுக் கிட்டார்களில் ஏழாவது சேடில் மட்டும் கடைசி வரை தள்ளப்பட்டு, ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கும். அதற்கு மேல் போக வழியில்லை என்றால் அந்தக் கிட்டாரில் தாழ்ந்த சுரங்கள் ஒருநாளும் சேராது. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கழுத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக உள்ளங்கையை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அரம் போட்டுச் சரிசெய்யலாம், அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் எந்தக் கம்பெனி என்று இப்போது கவலைப்படாதீர்கள், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: ஏழு கம்பி பிக்கப்புகள் ஒரே அளவில் வருவதில்லை. மூடிய பெட்டி வடிவத்துக்கு வெட்டிய குழியில் சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) நேராக உட்காராது.

கேள்வி: என் விரல்கள் குட்டை. ஏழு கம்பியின் கழுத்து என் கைக்கு அடங்குமா?

பதில்: அடங்கும் அம்மா. ஆறு கம்பியில் நட்டின் அகலம் 42, 43 மில்லிமீட்டர். ஏழு கம்பியில் வழக்கமாக 48. ஐந்தாறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே கொக்கி போட்டு வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டியிருக்கும். கட்டைவிரல் கழுத்தின் முதுகில் நின்றால் குட்டை விரலும் எட்டும். உண்மையான கஷ்டம் வலது கைக்குத்தான். வாசிக்காத ஏழாவது கம்பி தானாகவே அதிர்ந்து பின்னால் முனகிக்கொண்டே இருக்கும், அதை உள்ளங்கை ஓரத்தால் எப்போதும் அமுக்கி வைக்கப் பழக வேண்டும். இன்னொன்று, அடியில் இருக்கும் கம்பி இ என்று கை நினைத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் தப்புத் தப்பாகத்தான் வரும்.

கேள்வி: ஏழு கம்பி மெட்டலுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. மெட்டல் பிறக்கும் முன்பே, 1930களில், ஜாஸ் வாசித்த ஜார்ஜ் வான் எப்ஸ் எபிஃபோன் நிறுவனத்திடம் ஏழு கம்பிக் கிட்டார் செய்து வாங்கினார். கார்டோடு சேர்த்து பேஸையும் தானே வாசித்துக்கொள்ள அவருக்கு அது தேவைப்பட்டது.

கேள்வி: இருக்கிற ஆறு கம்பியையே தாழ்த்தி வாசித்தால் என்ன? புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: நல்ல கேள்வி, எல்லோரும் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஏழு கம்பி செட் ஒன்று வாங்குங்கள். மெல்லிய இ-யை எடுத்து வைத்துவிட்டு மற்ற ஆறையும் மாட்டி பி, இ, ஏ, டி, ஜி, பி என்று சுருதி சேருங்கள். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் மேலே நிற்கலாம். பள்ளத்தை அராவினால் பழைய கம்பிக்குத் திரும்பும்போது அது ஆடும், புது நட் போட வேண்டிவரும். பரீட்சைக்காக என்றால் அராவாமல் அப்படியே வாசித்துப் பாருங்கள். சில வாரம் போன பிறகும் அந்த மெல்லிய இ-யைக் கை தேடவில்லையா? அப்படியானால் உங்களுக்கு ஏழு கம்பி தேவையே இல்லை. காசு மிச்சம்.

கேள்வி: பழையது வாங்கலாமா?

பதில்: தாராளமாக. குறைந்த காசில் நல்ல கழுத்து வேண்டுமென்றால் அதுதான் வழி. ஐபனீஸ் ஆர்ஜி7321, ஷெக்டர் ஓமன்-7 போன்றவை ஆடாத பிரிட்ஜோடு வந்தவை. முன்னது 25.5 இஞ்ச், பின்னது 26.5. கழுத்தின் வளைவைத் திருத்தும் உள் தண்டான ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாது என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழு கம்பி வாங்கிவிட்டேன் சார். ஆம்பில் போட்டால் கொழகொழவென்று கேட்கிறது. கிட்டார் மட்டமா?

பதில்: கிட்டாரைத் திட்டும் முன் ஆம்பின் குமிழ்களைத் தொடுங்கள். கெயினையும் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழ்) பேஸையும் பாதிக்குக் கீழே இறக்கி, மிட்டை (நடுச் சுரங்களின் குமிழ்) ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கரால் 62 ஹெர்ட்ஸைச் சரியாகத் தள்ள முடியாது. அதன் இரட்டிப்பும் மும்மடங்குமான மேல் சுரங்களைக் கேட்டுத்தான் நம் காது தாழ்ந்த பி-யை உணர்கிறது. பேஸைக் கூட்டினால் அந்த மேல் சுரங்கள்தான் மூழ்கும். ஓவர்டிரைவ் பெடல் இருந்தால் அதன் டிரைவைச் சுழியத்தில் வைத்து, லெவலை மட்டும் ஏற்றி ஆம்புக்கு முன்னால் போடுங்கள். டிஸ்டார்ஷனுக்குள் போகும் முன்பே அடிச் சத்தம் வடிகட்டப்பட்டுவிடும்.

பிக்கப்பில் ஏழாவது கம்பிப் பக்கத்து ஸ்க்ரூவையும் கொஞ்சம் இறக்குங்கள். காந்தம் அதிகம் நெருங்கினால் தடித்த கம்பியின் அதிர்வைப் பிடித்து இழுக்கும். இன்னும் ஒன்று: பேஸ் கிட்டாரில் ஏ கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டும் உங்கள் ஏழாவது கம்பியும் ஒரே சுருதி. குழுவில் வாசிக்கிறீர்கள் என்றால் பேஸ் வாசிப்பவரோடு உட்கார்ந்து, அடிச் சத்தம் யாருக்கு என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அவருக்கே விட்டுவிடுங்கள்.