வீட்டுத்தோட்டமும் கம்போஸ்டும்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி நிறைய வந்திருக்கு, வந்த வரிசையிலயே சொல்லிட்டு வரேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், பாதிப் பேரு "என்ன உரம் போடணும்"னு கேக்கறீங்க, ஆனா எழுதியிருக்கறதப் படிச்சா உரக் குறைபாடு மாதிரியே தெரியல, தண்ணி இல்லன்னா காத்து, இந்த ரெண்டுலதான் தகராறு. அதனால உரம் கேட்டா நான் தண்ணியப் பத்திப் பேசுவேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, கம்போஸ்ட் பக்கெட்டத் திறந்தாலே அழுகின முட்டை நாத்தம். வீட்ல எல்லாரும் திட்டறாங்க. இறுக்கி மூடி வச்சுடட்டுமா?

பதில்: ஐயோ வேணாம், மூடினா இன்னும் மோசமாகும். அந்த நாத்தம் வந்தா உள்ள காத்தே இல்ல, ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம். மொத்தத்தையும் ஒரு பழைய ஷீட்ல கொட்டி, காஞ்ச இலை, கிழிச்ச அட்டைப்பெட்டி, மரத்தூள் எது கையில இருக்கோ அதக் கலந்து திரும்ப அள்ளிப் போடுங்க, பக்கெட்ல அடியிலயும் சுத்தியும் ஓட்டை இருக்கான்னும் பாருங்க. இனிமே காய்கறிக் கழிவு ஒரு கிண்ணம் போட்டா காஞ்சது ரெண்டு மூணு கிண்ணம் மேல போட்டு மூடணும். காஞ்சதுலேர்ந்து கார்பன், காய்கறிக் கழிவுலேர்ந்து நைட்ரஜன் கிடைக்கும்; கார்பன் 25லேர்ந்து 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்குன்னு ஒரு கணக்கு உண்டு, அத யாரும் தராசு வச்சு அளக்கறதில்ல. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகினா ஈரம் அதிகம், பிடிக்கவே பிடிக்காம உதிர்ந்தா தண்ணி தெளிக்கணும். மூக்கு எரியற மாதிரி அமோனியா வாடை அடிச்சா பச்சைக் கழிவு கூடிப்போச்சு, அதுக்கும் மருந்து அதே காஞ்ச இலைதான்.

கேள்வி: கம்போஸ்ட்ல குண்டு குண்டா புழு நெளியுது, பாக்கவே அருவருப்பா இருக்கு, மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீங்க. தட்டையா, பழுப்பு நிறமா இருந்தா அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளையோட புழு, உங்களுக்கு சம்பளம் வாங்காம வேலை செய்யுது. அந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டுல வந்து உக்காரவும் செய்யாது. பிடிக்கலன்னா கழிவு மேல காஞ்சது கெட்டியாப் போடுங்க, குறைஞ்சிரும்.

கேள்வி: எலுமிச்சை தோல், வெங்காயத் தோல் போடக்கூடாதுன்னு சொல்றாங்களே?

பதில்: தாராளமாப் போடலாம், சின்னதா நறுக்கிப் போட்டா சீக்கிரம் மக்கும். மண்புழுத் தொட்டின்னா மட்டும் குறைச்சுக்கங்க, அதுங்களுக்கு ஆகாது. வீட்டுத் தொட்டியில மாமிசம், எண்ணெய், பால் சமாச்சாரம், நாய் பூனை கழிவு வேணவே வேணாம்.

கேள்வி: உரம் ரெடியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்? முழுக்க முழுக்க கம்போஸ்ட்லயே செடி வச்சா சூப்பரா வரும்தானே?

பதில்: ரெண்டாவதுக்கு முதல்ல, வராது. வெறும் கம்போஸ்ட் நாளாக நாளாக அமுங்கிக்கிட்டே போகும், தொட்டி பாதி காலியாயிடும், தண்ணியும் தேங்கும், உப்பும் சேந்து இளம் வேரைக் கருக்கும். தொட்டிக் கலவையில நாலுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு போதும். ரெடியான்னு பாக்க, போட்டது எதுன்னு அடையாளம் தெரியக்கூடாது, சூடு அடங்கியிருக்கணும், மழை பெஞ்ச மண்ணு வாசனை வரணும். சந்தேகமா இருந்தா ஈரமா கொஞ்சம் எடுத்து ஜிப் கவர்ல மூடி ஒரு வாரம் வைங்க, திறக்கும்போது நாறினா இன்னும் வேகல. அரைகுறை உரத்த மண்ணுல கலந்தா அத மக்க வைக்கற நுண்ணுயிரெல்லாம் மண்ணுல இருக்கற நைட்ரஜன எடுத்துக்கும், செடி மஞ்சளா நிக்கும், நீங்க உரம் போட்டும் மஞ்சளாகுதேன்னு இன்னும் அள்ளிக் கொட்டுவீங்க.

கேள்வி: தக்காளி அடிப்பக்கம் கருப்பா அழுகுது. கால்சியம் குறைவுன்னு முட்டை ஓடு போட்டேன், ஒண்ணும் மாறல.

பதில்: காய்க்கு கால்சியம் போய்ச் சேரலங்கறது சரி, ஆனா மண்ணுல இல்லாததாலன்னு நினைக்காதீங்க. கால்சியம் தண்ணியோடதான் மேல ஏறும், நீங்க ரெண்டு நாள் காயவிட்டு மூணாம் நாள் குடம் குடமா ஊத்தினா காய்க்குப் போறது நின்னு நின்னு போகும். முட்டை ஓடு கரையறதுக்கு ரொம்பக் காலம் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. ஒரே அளவா தண்ணி விடுங்க, மேல காஞ்ச இலையால மூடாக்கு போடுங்க, கெட்டுப்போன காயைக் கிள்ளிடுங்க, அடுத்தடுத்த காய் சரியா வரும்.

அதே நபர்: சரிக்கா, ஆனா இன்னொரு செடி ஆள் உயரம் இருக்கு, பூ எல்லாம் கொட்டுது.

பதில்: நைட்ரஜன் ஓவர், சாணமோ புண்ணாக்கோ தொடர்ந்து போட்டிருப்பீங்க. நிறுத்துங்க. பகல்ல 35 டிகிரிக்கு மேல போனாலும் மகரந்தம் வேலை செய்யாம பூ உதிரும், அதுக்கு நிழல்வலைதான் வழி. காலையில பூங்கொத்தை லேசா தட்டிவிடுங்க, தக்காளிக்கு அந்த அதிர்வே போதும்.

கேள்வி: சார், மிளகாய் இலை சுருளுது, வேப்பெண்ணெய் அடிக்கவா?

பதில்: சார் இல்லப்பா, அக்காதான். எந்தப் பக்கம் சுருளுது? ஓரம் மேல் நோக்கி படகு மாதிரி மடிஞ்சா இலைப்பேன், கீழ் நோக்கி மடிஞ்சா சிலந்திப்பேன், பெரும்பாலும் அப்படித்தான். 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு லிக்விட் சோப், நல்லாக் கலக்கி சாயங்காலம் இலைக்கு அடியில படற மாதிரி அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகும். நடுநரம்பு தடிச்சு செடியே குட்டையா நின்னுடுச்சுன்னா வைரஸா இருக்கலாம், அதுக்கு மருந்து இல்ல, பிடுங்கிடுங்க.

கேள்வி: புதினா, கொத்தமல்லி, ரோஸ்மேரி மூணையும் ஒரே நீளத்தொட்டியில வச்சிருக்கேன். புதினா மட்டும்தான் இருக்கு!

பதில்: வேற என்ன இருக்கும்! புதினாவுக்குத் தனித் தொட்டி குடுங்க, வேர்த்தண்டு ஓடி எல்லாத்தையும் மூடிடும். ரோஸ்மேரிக்கு உரமே அதிகம் வேணாம், மணல் கலந்து தண்ணி சட்டுனு வடியற மண்ணு, நல்ல வெயில், காஞ்சப்புறம் தண்ணி. கொத்தமல்லிய நாத்து பிடுங்கி நடாதீங்க, ஆணிவேர் அடிபட்டா உடனே பூத்துடும். விதைய லேசா உடைச்சு ரெண்டாக்கி நேரா விதைங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமா விதைச்சா தட்டுப்பாடு வராது.

கேள்வி: வெளியிலேர்ந்து சாண உரம் வாங்கிப் போட்டேன், அப்புறம் பீன்ஸ், தக்காளி துளிரெல்லாம் முறுக்கிக்கிட்டு வருது, பூச்சி ஒண்ணுமே இல்ல.

பதில்: இது கொஞ்சம் சீரியஸ். சில களைக்கொல்லி, அமினோபைரலிட் மாதிரி, அடிச்ச புல்லை மாடு தின்னா சாணத்துலயும் அப்படியே வரும், சாதாரணமா மக்க வச்சாலும் சீக்கிரம் போகாது. பீன்ஸும் தக்காளியும்தான் முதல்ல காட்டிக்குடுக்கும். மிச்ச உரத்துல ஒரு பங்குக்கு சுத்தமான மண் ஒரு பங்கு கலந்து ரெண்டு மூணு தொட்டியில பீன்ஸ் விதைங்க, பக்கத்துலயே வெறும் மண்ணுல ரெண்டு மூணு. உரத்துல வந்தது மட்டும் முறுக்கினா அத வேற எங்கயும் போடாதீங்க, முறுக்கின செடியக் கம்போஸ்ட்லயும் சேக்காதீங்க.

கேள்வி: தொட்டி அடியில கூழாங்கல் போட்டா தண்ணி நல்லா வடியும்தானே?

பதில்: இல்ல. மண்ணு நனைஞ்சு நிறையற வரைக்கும் தண்ணி கல்லுக்குள்ள இறங்காது, அதனால ஈரம் தேங்கற இடம் வேருக்கு இன்னும் பக்கத்துல வந்துடும். ஓட்டை மேல ஒரு துண்டு வலை போட்டு, முழுக்க மண்கலவையே நிரப்புங்க.