பத்து நாள் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் 34 வயது வாசகி கேட்கிறார்: "ஹீமோகுளோபின் 9.2 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 9.4தான். மலையில் இருப்பவர்களுக்கு ரத்தம் இயல்பிலேயே கூடுதல் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம், பத்து நாளில் பரிசோதித்ததுதான் அவசரம். 9.2க்கும் 9.4க்கும் உள்ள வேறுபாடு, ஒரே ரத்தத்தை இருமுறை சோதித்தாலும் வரக்கூடியது.

பெரியவர்களுக்கு ரத்த அணுக்கள் பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில் உருவாகின்றன. ஒரே மூல அணுவிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் பிரிகின்றன. சிவப்பணுவாகப் போகும் இளம் அணு பலமுறை பிரிந்து, ஒவ்வொரு பிரிவிலும் சிறுத்து, உள்ளே ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இரும்பு போதாவிட்டால் ஹீமோகுளோபின் நிரம்பாமல், அணு சிறியதாகவும் வெளுத்தும் வெளிவரும். உங்கள் அறிக்கையில் சிவப்பணுவின் சராசரி அளவைக் குறிக்கும் எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்தால் அதைத்தான் காட்டுகிறது. அப்படி வந்த பழைய அணுக்கள் 120 நாள் வரை ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், புதியவை அவற்றின் இடத்தைச் சிறிது சிறிதாகத்தான் பிடிக்க முடியும். மாத்திரை வேலை செய்தால் பத்து நாளில் கூடுவது ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை. ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது, அதாவது 9.2 என்பது 10.2 ஆக, ஏற நான்கு வாரம் பிடிக்கும்.

மலையைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மை, ஆனால் அது உங்களுக்குச் சாதகமானதல்ல. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. மஜ்ஜையும் கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. பெண்களுக்கு 12 என்ற அளவுகோல் சமவெளிக்கு உரியது. கோத்தகிரியில் அதோடு ஒரு கிராம் அளவுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் 9.2 சமவெளிப் பெண்ணின் 9.2ஐ விடக் குறைவானதே.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவரிடம் தேநீரைக் குறை சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கலந்தாலும் கலக்காவிட்டாலும், தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் தேநீர் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்தால் நன்று. மலம் கறுத்துப் போவது இயல்பு. தார்போல் ஒட்டும் தன்மையுடன் துர்நாற்றமும் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஒழுங்காக எடுத்தும் நான்கு வாரத்தில் ஏறாவிட்டால், மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு ஆகியவற்றோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடினையும் பார்க்கச் சொல்லுங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு மரபு (சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கக்கூடிய பரம்பரைக் கூறு) இருப்பதை 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். குடும்பத்தில் எவருக்கேனும் அது இருந்தால் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் அவசியம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாக மூன்று மாதம், மாத்திரையைத் தொடருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் தேவை.