ரூம் போடலாம் என்கிறார்… என்ன சொல்வது?

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயது. ஊர் கோத்தகிரி, கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். இரண்டு வருடக் காதல். ஊருக்கு வரும்போது மேட்டுப்பாளையம் பஸ்ஸில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு, அவரோடு சேர்ந்துதான் வருவேன். மே லீவில் குன்னூரில் ரூம் போடலாம் என்கிறார். கல்யாணம் வரை அதெல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம். ‘என் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்கிறார். ரூம்மேட்கள் ‘சரியான பட்டிக்காடு’ என்று சிரிக்கிறார்கள். நான் தப்பா?
- பெயர் வேண்டாம்

பதில்: தப்பே இல்லை தங்கச்சி. நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஊர்க்காரர் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாயே, அது நம்பாமலா?

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு உனக்குத் தேவையில்லை, காத்திருப்பதில் முதல் லாபமே அதுதான். ஆணுறை நல்ல பாதுகாப்புதான், அதைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் ஜனங்கள் நிஜத்தில் பயன்படுத்துகிற லட்சணத்தில் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசரக் கருத்தடை மாத்திரையோ நேரம் ஆக ஆகப் பலன் குறையும், தொற்று எதையும் தடுக்காது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. கிருமி அந்தரங்க உறுப்புகளின் தோல் உரசினாலே தொற்றும், ஆணுறை முழுசாகத் தடுக்காது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, உறவு தொடங்கும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, டாக்டரிடம் கேள்.

அதற்காக ரூம்மேட்களை மட்டமாக நினைக்காதே. அவர்கள் வாழ்க்கை அவர்களுக்கு. இது கெட்டுப்போவது, கெட்டுப்போகாதது சம்பந்தப்பட்டது இல்லை (அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது). ஏற்கெனவே உறவு வைத்தவள்கூட இனி வேண்டாம் என்று நாளைக்கே முடிவு எடுக்கலாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது? தலைவலி, அம்மா போன் பண்ணுவாள் என்று சாக்கு மட்டும் சொல்லாதே, ஒரு சாக்கு ஒரு வாரம்தான் தாங்கும், அப்புறம் புதுசாக ஒன்று தேட வேண்டும். பகலில், நாலு பேர் இருக்கிற பேக்கரியில் டீ குடிக்கும்போது, ‘கல்யாணம் வரை எனக்கு வேண்டாம், இது உன்னைப் பற்றியது இல்லை’ என்று நேராகச் சொல். முகம் வாடலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் பிரிந்துவிடுவேன் என்று மிரட்டினாலோ, திரும்பத் திரும்ப நச்சரித்தாலோ, அப்போது யோசிக்க வேண்டியது ரூமைப் பற்றி அல்ல, ஆளைப் பற்றி.

ரூமுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டாரா என்பதையும் கேட்டுக்கொள், கேன்சல் செய்வதை இப்போதே செய்யட்டும். சீசன் நேரத்தில் கடைசி நிமிடத்தில் கேன்சல் செய்தால் பணம் திரும்பி வராமல் போகலாம்.